டிராக்டரில் ஒரு சீட்தான் இருக்கிறது

எங்கள் வட்டார டிராக்டர் உரிமையாளர் மற்றும் ஓட்டுநர் சங்கத்தின் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

காணும் பொங்கலன்று கோயில் திடலில் நம் சங்கம் நடத்திய போட்டியில், டிரெய்லர் பெட்டி மாட்டிய டிராக்டரைக் கோடு பிசகாமல் ரிவர்ஸ் எடுத்ததற்காக ஒரு பையனுக்குச் சால்வை போட்டு ஷீல்டு கொடுத்தீர்கள். அவன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். கிளட்ச் எட்டாததால் சீட்டின் நுனிக்கு வந்து, ஒரு காலில் முழு உடம்பையும் ஊன்றித்தான் மிதித்தான். முன்வரிசையில் நின்று பார்த்தேன். ஊரே கைதட்டியது. என் அக்கா மகளும் அவனும் ஒரே வகுப்பு. அவளும் தட்டினாள்.

மாசி மாதக் கூட்டத்தில் நான் ஒரு தீர்மானம் எழுதிக் கொடுத்தேன். இரண்டே வரி. இன்ஜின் ஓடும்போது டிராக்டரில் ஓட்டுநரைத் தவிர யாரும் ஏறக்கூடாது. பதினெட்டு வயது ஆகாதவர் கையில் சாவி போகக்கூடாது. அதைப் படித்துவிட்டு, 'பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது பெற்றவர்கள் பொறுப்பு, சங்கம் தலையிடத் தேவையில்லை' என்று மினிட்ஸ் நோட்டில் எழுதித் தள்ளிவிட்டீர்கள். ஐந்து நிமிடம்கூடப் பேசவில்லை. அடுத்ததாக டீசல் விலைக்கு ஏற்ப ஒரு மா நிலத்துக்குக் கூலி எவ்வளவு ஏற்றலாம் என்று முக்கால் மணி நேரம் பேசினோம்.

அந்த முடிவை என்னால் ஏற்க முடியாது. ஏன் என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரிந்தவர்களும் என் முகத்துக்காக அதைப் பேசாமல் இருக்கிறீர்கள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், இரண்டாம் போகத் தாளடி நெல்லுக்குச் சேறடித்துக்கொண்டிருந்தேன். அக்கா பக்கத்து வயலில் நடவில் நின்றாள். மச்சான் திருப்பூரில் வேலை. ஆறு வயதுப் பிள்ளையை அம்மாச்சியோடு வரப்பில் உட்கார வைத்திருந்தார்கள். டீ குடிக்க வண்டியை ஓரங்கட்டினேன். 'மாமா, ஒரே ஒரு ரவுண்டு' என்று காலைக் கட்டிக்கொண்டாள். காது குத்தும்போது என் மடியில் உட்கார்ந்த பிள்ளை. தூக்கி இடது பக்க மட்கார்டில் உட்கார வைத்தேன். கம்பியைக் கெட்டியாகப் பிடி என்று சொன்னேன். பிடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

மூலையில் திரும்பும்போது, சேற்றுக்காக மாட்டிய இரும்புக் கேஜ் வீல் வரப்பில் ஏறி வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. நாம் எல்லோரும் செய்வதுபோல நானும், இன்ஜின் சுழற்சியைப் பின்னால் மாட்டிய கருவிக்குக் கொடுக்கும் பி.டி.ஓ.வை நிறுத்தாமல், சேறடிக்கும் பிளேடு உருளையான ரோட்டவேட்டரை லிஃப்டில் தூக்கிக்கொண்டுதான் திரும்பினேன். பாதி தூக்கியிருந்தது. மட்கார்டு முழுக்கச் சேறு. அவள் பின்பக்கமாக வழுக்கினாள். சத்தம்கூடக் கேட்கவில்லை. பக்கத்தில் ஆள் இல்லை என்பதுதான் முதலில் தெரிந்தது.

என் வண்டி டூயல் கிளட்ச். பாதி மிதித்தால் சக்கரம் நிற்கும், முழுக்க மிதித்தால்தான் பி.டி.ஓ. நிற்கும். பதினைந்து வருஷமாக ஓட்டுகிறவனுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் பதறியபோது கால் பழக்கப்படி பாதிதான் போனது. வண்டி நின்றுவிட்டது. பிளேடு நிற்கவில்லை. பி.டி.ஓ. நிமிஷத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு ஒன்பது. கியர் வழியாகக் குறைந்து ரோட்டவேட்டருக்குப் போகும்போதுகூட நொடிக்கு மூன்று சுற்றுக்கு மேல். நான் மிச்சப் பாதியை மிதிக்க எவ்வளவு நேரம் எடுத்தேனோ, அந்த நேரத்தில்தான் எல்லாம் நடந்தது. அதற்குப் பிறகும் அந்தக் கனமான உருளை ஒரு சுற்று உருண்டுதான் ஓய்ந்தது.

ஸ்பானரை எடுத்து பிளேடு போல்ட்டைக் கழற்றி அவள் காலை வெளியே எடுத்தோம். என் கை நடுங்கியதால் பக்கத்து வயல் அண்ணன்தான் கழற்றினார். அவர் இன்றும் நம் சங்கத்து உறுப்பினர்.

இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கத்தி வெட்டு என்றால் தைக்கலாம், இது பிய்ந்த காயம், எலும்புக்குள்ளே வரைக்கும் வயல் சேறு போயிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். சுத்தம் செய்வதற்கே மூன்று முறை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். அதோடு முடியவில்லை. வளரும் பிள்ளைக்குக் காலை எடுத்தால் உள்ளே எலும்பு வளர்ந்துகொண்டே வரும், மேலே தோல் அந்த வேகத்துக்கு வராது. ஒன்பது வயதில் எலும்பு முனை தோலைக் குத்திக்கொண்டு வந்து மறுபடி ஆபரேஷன். உயரம் கூடக் கூடச் செயற்கைக் காலையும் மாற்ற வேண்டும். இதுவரை நான்கு மாற்றியாயிற்று. மழைக்காலத்தில் உறைக்குள் ஈரம் போய்ப் புண் வந்துவிடும். அப்போதெல்லாம் வீட்டிலேயே ஒற்றைக் காலில் குதித்துக் குதித்துத்தான் நடப்பாள். வரப்பில் அவளால் நடக்க முடியாது. வயக்காட்டு ஊரில் பிறந்த பெண், வரப்பில் நடக்க முடியாது.

அவளுடைய அம்மா அந்த நேரம் எங்கே இருந்தாள் என்று ஆஸ்பத்திரியில் கேட்டவர்கள் உண்டு. ஊரிலும் கேட்டார்கள். நீங்கள் மினிட்ஸ் நோட்டில் எழுதியதும் அதே கேள்விதான். அவள் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அந்த வயலில் சாவி வைத்திருந்த ஒரே ஆள் நான். ஏற்றியவன் நான், இறக்கிவிட்டிருக்க வேண்டியவனும் நான். பெற்றவள் எவ்வளவு கண்ணாகப் பார்த்தாலும் என் கிளட்சை அவளால் மிதிக்க முடியாது.

நான் சொல்ல வருவது இதுதான். பிள்ளைகள் டிராக்டர் பக்கம் வருவது யாருடைய அலட்சியத்தாலும் இல்லை. நம் செல்லத்தால் வருகிறார்கள். அப்பா ஏற்றுகிறார், தாத்தா ஏற்றுகிறார், தாய்மாமன் ஏற்றுகிறான். ஒரு தடவை ஏற்றிவிட்டால், அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பிள்ளை ஓடி வரும். நாம் ஏற்றிப் பழக்கிய பிள்ளைதான், நாம் பார்க்காத நேரத்தில் பின்சக்கரத்துக்குப் பின்னால் வந்து நிற்கும். நம் வண்டிகளில் பெரும்பாலானவற்றின் பின்டயர் நான்கரை அடி உயரம். ஆறு வயதுப் பிள்ளை நான்கு அடிகூட இருக்காது. சீட்டில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தால் டயர் தெரியும், பிள்ளை தெரியாது.

போன சம்பாவில் நான் என் கண்ணால் பார்த்தவற்றை மட்டும் சொல்கிறேன். யாருடைய வண்டி என்று சொல்லப் போவதில்லை.

சேறடிக்கும்போது கொக்கும் மடையானும் ரோட்டவேட்டருக்குப் பின்னால் வருவது போலவே நண்டும் குறவை மீனும் பிடிக்கப் பிள்ளைகள் வாளியோடு வருகிறார்கள். நான்கு பேர், ஐந்து பேர். யாருக்கு முதலில் நண்டு கிடைக்கிறது என்பதுதான் அவர்களுக்குப் போட்டி, அதனால் பிளேடுக்கு எவ்வளவு கிட்டத்தில் போகிறோம் என்று பார்க்க மாட்டார்கள். சேற்றில் கால் புதைந்தால் பெரியவர்களாலேயே சட்டென்று எடுக்க முடியாது. ஓட்டுகிற தம்பி அவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தான். நிறுத்தவில்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மாக் கணக்கில் கூலி வாங்குகிறவன் நிறுத்தினால் அவனுக்குத்தான் நஷ்டம். அந்த நஷ்டத்தைச் சங்கம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதைப் பின்னால் கேட்கிறேன்.

ஷோரூமிலிருந்து வரும்போது பி.டி.ஓ. ஷாஃப்டுக்கு மேலே பிளாஸ்டிக் கூடு இருக்கிறது. கிரீஸ் அடிக்கத் தொந்தரவு என்று முதல் மாதமே கழற்றி எறிந்துவிடுகிறோம். நம் சங்கத்தில் கூடு இருக்கும் வண்டி எத்தனை என்று கையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். பாவாடை நுனியோ, துப்பட்டாவோ, தோளில் கிடக்கும் துண்டோ அந்த ஜாயின்ட்டில் தொட்டால் போதும், நொடிக்கு ஒன்பது சுற்றுச் சுற்றி இழுக்கிற ஷாஃப்டிலிருந்து யாராலும் பிடுங்க முடியாது.

மதியம் சாப்பாட்டுக்குப் போகும்போது ரோட்டவேட்டரைத் தூக்கிய நிலையிலேயே விட்டுவிட்டு, சாவியையும் வண்டியிலேயே விட்டுப் போகிறோம். அதன் நிழலில் இரண்டு பொடிப் பிள்ளைகள் உட்கார்ந்து சோறு தின்றதைப் பார்த்து நான்தான் விரட்டினேன். மேலே நிற்கும் முந்நூறு நானூறு கிலோவைத் தாங்குவது வெறும் எண்ணெய் அழுத்தம். லிவரை ஒரு பிள்ளை விளையாட்டாகத் தட்டினால் இறங்கிவிடும். இறக்கி வைத்துவிட்டுப் போக ஐந்து நொடி ஆகுமா?

'நாமெல்லாம் இப்படித்தானே வளர்ந்தோம்' என்று கூட்டத்தில் ஒரு பெரியவர் சொன்னார். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. நாம் வளர்ந்தது மாட்டோடு. வயலைச் சமப்படுத்தப் பரம்படிக்கும்போது பாரத்துக்காகப் பலகை மேல் நம்மை உட்கார வைத்தார்கள், நானும் உட்கார்ந்திருக்கிறேன். விழுந்தால் சேற்றில் விழுவோம், எழுந்து ஓடுவோம். மாடு காலடியில் பிள்ளை கிடந்தால் தானாக நிற்கும், இல்லாவிட்டால் அப்பா ஒரு சத்தம் கொடுத்தால் நிற்கும். டிராக்டருக்குக் காது இல்லை. அப்பாவோடு ஏர் பிடித்த நாட்களைச் சொல்லி, இரண்டு டன் வண்டியில் பிள்ளையை ஏற்றுவதை நியாயப்படுத்தாதீர்கள் ஐயா.

பிள்ளைகள் விவசாயம் கற்க வேண்டாமா என்று இன்னொருவர் கேட்டார். கற்கட்டும். இன்ஜின் ஆஃப் ஆகிச் சாவி உங்கள் பையில் இருக்கும்போது கிரீஸ் நிப்பிள் எங்கே என்று காட்டுங்கள், ஏர் ஃபில்டரைத் துடைக்கச் சொல்லுங்கள், எந்த மண்ணுக்கு எவ்வளவு ஆழம் என்று சொல்லிக்கொடுங்கள். அதெல்லாம்தான் தொழில். மட்கார்டில் உட்காருவதில் கற்க ஒன்றும் இல்லை.

சட்டத்தைக் காட்டி மிரட்ட நான் வரவில்லை, ஆனாலும் தெரிந்துகொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டப்படி பதினெட்டு வயது ஆகாமல் ரோட்டில் டிராக்டர் ஓட்டக்கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, சிறுவர் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றவருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருஷம் வரை சிறை, வண்டிப் பதிவு ஒரு வருஷத்துக்கு ரத்து. அன்று ஷீல்டு வாங்கிய பிள்ளை வீட்டிலிருந்து திடல் வரை தார்ச்சாலையில்தான் ஓட்டி வந்தான். ரோட்டில் டிராக்டர் மேல் ஓட்டுநரைத் தவிர ஆள் ஏற்றுவதும் விதிப்படி தப்பு. ஒரு சீட் உள்ள வண்டியில் மட்கார்டில் உட்கார்ந்து வந்தவருக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று இன்சூரன்ஸ் கம்பெனிகள் கோர்ட்டில் வாதாடுவதும் உங்களுக்குத் தெரியும். ஆனால் இதெல்லாம் ரோட்டுக்கு. வயலுக்குள் போலீஸ் வராது, ஆர்.டி.ஓ. வரமாட்டார். கதிரடிக்கும் மெஷினில் கை போன தொழிலாளர்களுக்காக 1983-ல் ஆபத்தான இயந்திரங்களுக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். மட்கார்டில் உட்காரும் பிள்ளைக்கு அப்படி ஒன்று இல்லை. வயலில் விதி என்று ஒன்று இருக்க வேண்டுமானால் அதை நாம்தான் போட வேண்டும்.

மற்ற ஊர்களில் போட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் பதின்மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை விவசாய வேலையில் இருக்கும் டிராக்டரில் ஏற்றுவதே சட்டப்படி குற்றம், 1998-லிருந்து. அதற்கு நாற்பது வருஷம் முன்பே, 1958-லேயே, முதல் விதிகளைக் கொண்டுவந்துவிட்டார்கள். அமெரிக்காவில் வீட்டைச் சுற்றிப் புல் வெட்டுவதற்குச் சின்ன டிராக்டர் போல ஒரு வண்டி வைத்திருப்பார்கள். அங்கே இருக்கும் என் மைத்துனர் வீட்டில் ஒன்று இருக்கிறது, வீடியோவில் காட்டினார். ஓட்டுகிறவர் சீட்டை விட்டு எழுந்தாலே பிளேடு நின்றுவிடுகிறது. ரிவர்ஸ் போட்டாலும் நின்றுவிடுகிறது; வேண்டும் என்றால் தனியாக ஒரு சாவியைத் திருப்ப வேண்டும். எதற்கு இப்படி என்று கேட்டேன். பின்னால் பிள்ளை வந்து நின்றது தெரியாமல் அப்பாவும் தாத்தாவும் ரிவர்ஸ் எடுத்து ஏற்றிய சம்பவங்கள் அங்கே அவ்வளவு நடந்திருக்கின்றன என்றார். புல் வெட்டும்போது ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை வீட்டுக்குள்ளேயே வைக்க வேண்டும், பதினாறு வயது ஆகாதவர் அந்த வண்டியை ஓட்டக்கூடாது என்பது அங்கே குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் அறிவுரை. அவ்வளவு பாதுகாப்பு வைத்த வண்டிக்கே அப்படி. நம் பழைய வண்டிகளில் பிளேடைத் தானாக நிறுத்த ஒன்றுமே கிடையாது. ஓட்டுகிறவன் கால்தான் பிரேக், அவன் கைதான் சுவிட்ச்.

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துவிட்டால் யாருக்கும் பேச நேரம் இருக்காது. ராத்திரி பகலாக வண்டி ஓடும். அதற்குள் நீங்கள் செய்ய வேண்டியவை என்று நான் கேட்பவை:

மாசி மாத முடிவை நோட்டிலிருந்து நீக்கிவிட்டு, என் தீர்மானத்தை மறுபடி எடுத்து வாக்குக்கு விடுங்கள். இன்ஜின் ஓடும் வண்டியில் ஓட்டுநர் மட்டும். சொந்தப் பிள்ளையானாலும் தலைவர் வீட்டுப் பிள்ளையானாலும் அதே விதி. மீறினால் முதல் தடவை எச்சரிக்கை, அடுத்த தடவை அந்தப் போகம் முழுக்கச் சங்கம் மூலமாக வேலை கிடையாது. இதில் விட்டுக்கொடுக்க என்னால் முடியாது.

வயலில் பிள்ளை தென்பட்டால் ஓட்டுநர் பி.டி.ஓ.வை நிறுத்தி, வண்டியை அணைத்து, பிள்ளை வரப்பேறும் வரை காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்த நேரத்துக்கு ஓட்டுநர் கூலியில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கக் கூடாது. நில உரிமையாளரிடம் வாங்க முடியாவிட்டால் சங்க நிதியிலிருந்து கொடுங்கள். என் பங்காக இந்தக் குறுவை முழுக்க என் வண்டி வருமானத்தில் மாவுக்கு இருபது ரூபாய் அந்த நிதிக்குத் தருகிறேன், கணக்கு எழுதிக்கொள்ளுங்கள்.

கூடு இல்லாத பி.டி.ஓ. ஷாஃப்டோடு எந்த வண்டியும் இந்தக் குறுவைக்கு இறங்கக்கூடாது. மொத்தமாக வாங்கினால் விலை குறையும், சங்கமே வாங்கிக் கொடுக்கலாம். வண்டியை விட்டு இறங்கும்போது ரோட்டவேட்டர் தரையில், சாவி பையில். இதை ஒவ்வொரு வண்டியின் டேஷ்போர்டிலும் பெயின்டால் எழுதச் சொல்லுங்கள்.

நடவுக்கு விடியலில் இறங்கும் பெண்கள் பிள்ளைகளை எங்கே விடுவார்கள்? அங்கன்வாடி திறப்பதற்குள் பாதி நடவு முடிந்துவிடும். இது டிராக்டர்காரர்கள் வேலை இல்லை என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் வேலை நடக்கும் வயலுக்குப் பக்கத்தில் ஒரு களத்தையோ கோயில் மண்டபத்தையோ ஒதுக்கி, ஒரு அம்மாவுக்கு நடவுக் கூலியே கொடுத்துப் பிள்ளைகளைப் பார்க்கச் சொன்னால், அந்த ஒரு ஆள் கூலியை நில உரிமையாளரும் நாமும் பாதிப் பாதி போட்டுக்கொள்ளலாம். ஊராட்சித் தலைவரிடம் பேசச் சங்கத்திலிருந்து இரண்டு பேரை அனுப்புங்கள். நான் ஒருவன், இன்னொருவரை நீங்கள் சொல்லுங்கள்.

அடுத்த பொங்கலுக்குப் பதினெட்டு வயது ஆகாதவருக்கு ஓட்டும் போட்டி வேண்டாம். ஷீல்டு வாங்கிய பையனிடமிருந்து அதைத் திருப்பி வாங்கச் சொல்லவில்லை. அவன்மேல் தப்பே இல்லை. அவன் அப்பாவைச் செயலாளர் நேரில் போய்ப் பார்த்து, லைசென்ஸ் எடுக்கும் வயது வரும்வரை அவனிடம் சாவி கொடுக்க வேண்டாம் என்று சங்கத்தின் சார்பில் சொல்லுங்கள்.

கூட்டத்துக்குத் தேதி குறித்து மே மாதம் முடிவதற்குள் எல்லா உறுப்பினர்களுக்கும் சொல்லிவிடுங்கள். உறுப்பினர் அல்லாதவர் பேச அனுமதி வேண்டும் என்று விதி இருப்பதால் அதையும் இப்போதே கேட்டுக்கொள்கிறேன். என் அக்கா பேச வேண்டும் என்கிறாள், அவளுக்குப் பத்து நிமிடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சங்கத்து உறுப்பினர், அந்த வண்டியை ஓட்டியவன்